கம்ப்யூட்டரும் களித் துடுப்பும்

பயந்த சுபாவம் உள்ளவர்கள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அப்படிக் கிடந்தால் எவ்வளவோ நல்லது. எங்களுக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது மூடுவோம், அணைப்போம், நன்றாக இருப்பதை ஒருமுறை இழுத்துப் பார்ப்போம். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள். (என் வீட்டுக்காரர், "சேர்ந்தவளா? தலைவி" என்கிறார்.)

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டில் எங்கள் வீடு. அவர் மிளகுத் தோட்டம் பார்க்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. ஒரே மகள் மதி, கட்டட வரைபடம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தாள். போன வருஷம் ஒரு கம்பெனி அவளைப் பரீட்சைக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே ஒரு கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்ப வேண்டும். தேறினால் வேலையும் வீட்டிலிருந்தே. அவள் மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. அந்தப் பரீட்சையில் அவளைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

பழைய லேப்டாப் அந்த மென்பொருளைத் திறந்தாலே மூச்சு வாங்கியது. அதனால் நாமக்கல்லில் பாகம் பாகமாக வாங்கிவந்து தானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவதாகச் சொன்னாள். கொண்டை ஊசி வளைவு முழுக்க மதர்போர்டு பெட்டியை மடியில் வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். (மதி பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதுகூட இவ்வளவு பத்திரம் இல்லை.)

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், பழைய லேப்டாப்பின் டிஸ்க்கையும் எடுத்து மாட்டி, வேலையை முடித்தாள். கேபினெட்டின் பின்பக்கம், பவர் சப்ளைப் பெட்டியிலேயே ஒரு சின்னக் கறுப்பு சுவிட்ச் இருந்தது. அதையும் போட்டாள். பார்த்துப் பார்த்து அப்போதுதான் கரண்ட் போனது. திரும்பி வந்தது காலையில். பரீட்சை பதினோரு மணிக்கு.

அவள் குளிக்கப் போயிருந்தபோது இடி உருண்டது. எங்கள் மலையில் இடி கேட்டால், கொடியில் காயும் துணியெல்லாம் அப்புறம். முதலில் பிளக்கைப் பிடுங்குவோம். மின்னலுக்கு ஒரு டிவியாவது பறிகொடுக்காத வீடு இங்கே அபூர்வம். நானும் டிவி, பிரிட்ஜ் என்று ஒரு சுற்று வந்து, புதுக் கம்ப்யூட்டரின் பிளக்கையும் பிடுங்கினேன். அது போதாது என்று பட்டது. பின்னால் கையை விட்டு அந்தக் கறுப்பு சுவிட்சையும் அணைத்தேன். பச்சைக் குழந்தைக்குக் காதை மூடிவிட்ட திருப்தி.

மழை ஏமாற்றிவிட்டுப் போனது. எல்லாப் பிளக்கையும் திரும்பச் சொருகினேன். கறுப்பு சுவிட்சை மட்டும் மறந்தேன். மறந்தேன் என்றால், அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்தேன்.

மதி வந்து, சாமி படத்தைக் கும்பிட்டு, பட்டனை அழுத்தினாள். விளக்கு இல்லை, சத்தம் இல்லை. எழவு வீட்டில்கூட இதைவிடக் கலகலப்பு இருக்கும்.

"என்ன கண்ணு, யோசிக்குதா?"

"யோசிக்கறதுக்கு மொதல்ல உசுரு வரோணும்மா."

நாமக்கல்லில் இருக்கும் தோழி கவிதாவைப் போனில் பிடித்தாள். ஸ்பீக்கரில் விசாரணை நடந்தது.

"பிளக் பாயிண்டுல கரண்டு வருதாடி?"

போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தோம். வந்தது.

"பின்னாடி சுவிட்ச்சு?"

"நேத்தே போட்டுட்டன்."

"ஆமா சாமி, போட்டா. நானே பாத்தேன்" என்று நானும் சாட்சி சொன்னேன். (பொய்யில்லை. நேற்று போட்டாள்தான்.)

"அப்ப ஒயருதான். ஒண்ணொண்ணா கழட்டி மறுபடி மாட்டு."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பித்தாள். மதர்போர்டுக்குப் போகும் பட்டையான பெரிய ஒயர், பிராசசருக்குப் பக்கத்தில் மாட்டும் சின்ன ஒயர், எல்லாவற்றையும் கழற்றி, கொக்கி 'டக்'கென்று உட்காரும்வரை அழுத்தி மாட்டினாள். மாட்டி, பிளக்கைச் சொருகி, பட்டனை அழுத்தினாள். ஒன்றுமில்லை. மறுபடி பிடுங்கி, மறுபடி கழற்றி, மறுபடி. மணி பத்தரை தாண்டிவிட்டது. அவள் உதடு வெளுத்துப் போயிருந்தது.

"பஸ்ஸுல குலுங்கிருச்சோ? நான்தான் சரியாப் புடிக்கலியோ?"

"அம்மா, செத்த பேசாம இருங்க."

நான் ஏழாம் வகுப்புக்கு மின்சுற்றுப் பாடம் நடத்துகிறவள். சுற்றில் ஒரு சுவிட்ச் திறந்திருந்தாலும் விளக்கு எரியாது என்று கரும்பலகையில் படம் போடுகிறவள். அன்றைக்கு அந்தப் படம் நினைவுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த பக்கம்தான் வந்தது: மின்சாரம் தாக்கியவரைக் கையால் தொடக்கூடாது, காய்ந்த மரக்கட்டையால் தள்ள வேண்டும். அடுப்படிக்குப் போய், களி கிண்டுகிற மரத்துடுப்பை எடுத்துவந்து மகளின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

கவிதா கடைசி வைத்தியம் சொன்னாள். "பட்டனே கெட்டிருக்கும். அதோட ஒயரக் கழட்டிட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால சேத்தித் தொடு. பட்டன் அமுக்கின மாதிரிதான்."

மதி பிளக்கைச் சொருகிவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு கேபினெட்டுக்குள் கையை விட்டு, இரண்டு பின்னையும் சேர்த்துத் தொட்டுப் பிடித்தாள். அந்த நேரம் தோட்டத்திலிருந்து வந்த என் வீட்டுக்காரர் மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இந்தச் சுவிட்ச்சு ஆஃபுல இருக்குதே?" கேட்டுக்கொண்டே போட்டுவிட்டார்.

காற்றாடி உறுமியது. உள்ளே நீல வெளிச்சம் பாய்ந்தது. மதி "ஆஆ!" என்று கத்தித் துள்ளினாள்.

அது சந்தோஷக் கத்தல். எனக்குக் கேட்டது கரண்ட் பிடித்த கத்தல். துடுப்பை ஓங்கி அவள் மணிக்கட்டில் போட்டேன். 'தள்ளு' என்றுதான் பாடத்தில் இருக்கிறது. நான் அடித்தேன். இரண்டாவது அடியை அவர் பிடித்துக்கொண்டார்.

மரம் எலும்பில் விழுந்த அந்தச் சத்தம், இப்போதும் களி கிண்டும்போது எனக்குக் கேட்கிறது.

"சோத்துக் கைம்மா" என்றாள் மதி. அவ்வளவுதான் சொன்னாள்.

"யாரு இத அணைச்சது?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். துடுப்போடு நின்ற எனக்கு அப்போதுதான் காலையில் கேட்ட இடி நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

வீங்கிய கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, இடது கையால் மவுஸைப் பிடித்து அவள் பரீட்சை எழுதினாள். கம்ப்யூட்டர் அருமையாக ஓடியது. அவள் வரைந்த சுவர்கள்தான் சாய்ந்தன. நேரம் முடிந்தபோது கட்டடத்துக்குக் கூரை இல்லை. வேலையும் இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டு போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டார்.

"கம்ப்யூட்டர் ரிப்பேருங்க" என்றாள் மதி.

கை ஆறியதும் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து இறங்கிப் போய்விட்டாள். கம்ப்யூட்டரும் அவளோடு போய்விட்டது. எங்கள் வீட்டில் எது நின்றுபோனாலும், தோட்டத்து மோட்டாராக இருந்தாலும் வழியில் மக்கர் பண்ணிய பஸ்ஸாக இருந்தாலும், அப்பாவும் மகளும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அம்மா எங்க நின்னாங்க?" சொந்தக்காரர்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மைக் நின்றபோது பந்தலே என்னைத் திரும்பிப் பார்த்தது.

போன வாரம் மறுபடி இடி. நான் எழுந்திருக்கவில்லை. அவளுக்குப் போன் போட்டேன்.

"அங்க இடி இடிக்குதா கண்ணு?"

"இல்லீங்கம்மா, நல்ல வெயிலு" என்றவள் உடனே கேட்டாள், "கைய எங்க வெச்சிருக்கீங்க?"

"மடியிலதான் சாமி."

"அங்கயே இருக்கட்டும்."