வீங்காத சப்பாத்திப் பலகை

கிள்ளான் வட்டாரத்தில் மரத்தைக் கண்டாலே நசுக்கத் துடித்த ஒரே மனிதர் எங்கள் பிரஸ் அண்ணன்தான். போர்ட் கிள்ளானில், சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட் செய்யும் கிடங்கு எங்களுடையது. நான் அங்கே குமாஸ்தா. அவர் மரத்தைச் சூடாக்கி அமுக்கும் சூட்டு பிரஸ் ஓட்டுபவர். இயற்பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும்.

ரப்பர் மரத்துக்கு ஆவி காட்டி, சூடேற்றி, பாதித் தடிமனுக்கு அமுக்கினால் தேக்கையே மிஞ்சிவிடும் என்பது அவருடைய வேதம். நாற்பதைத் தாண்டியும் கல்யாணமாகாத அவருக்கு இருந்த ஒரே குறை, கேன்டீன் ஸ்டெல்லா அக்காவின் வாயிலிருந்து வரும் "அண்ணே". அந்த அக்காவுக்கும் கல்யாணமாகவில்லை. லோரி டிரைவர் முதல் மேனேஜர் வரை எல்லாரும் அவருக்கு அண்ணன்தான். ஆனால் இவருக்கு மட்டும் முகம் செத்துவிடும். சொந்த வேலைப்பாட்டில் ஒரு சப்பாத்திப் பலகை கொடுத்தால் அந்த வார்த்தை ஒழிந்துவிடும் என்று நம்பினார்.

முதல் பலகை பளிங்குபோல வழவழவென்று இருந்தது. கழுவி வைத்த மறுநாளே உப்பிக்கொண்டது.

"அண்ணே, பலகை என்ன, முழுகாம இருக்கா?"

"சூடு பத்தல லா. மரம் பழைய உருவத்த இன்னும் மறக்கல."

அடுத்ததைக் கோப்பி நிறத்துக்கு வறுத்தெடுத்தார். முதல் சப்பாத்திக்கே விரிசல் விட்டது.

"அண்ணே, இது பலகையா, அப்பளமா?"

"சூடு கூடிப்போச்சு. ரொம்ப வறுத்தா மரம் நொறுங்கிடும்."

அந்த "அண்ணே" மட்டும் கொஞ்சமும் நொறுங்கவில்லை.

மூன்றாவது பலகைக்குப் பிரஸ்ஸை விட்டு நகரவே இல்லை. சூடு முழுக்க ஆறும்வரை அமுக்கியே வைத்திருந்தார். மேனேஜர் ஓடி வந்தார்.

"பேலட் எங்கய்யா?"

"பேலட் நாளைக்கும் போவும் பாஸ். இது வாழ்க்கை லா!"

ஸ்டெல்லா அக்கா அந்தப் பலகையை ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். காலையில் மொத்தக் கிடங்கும் கேன்டீனில்தான் நின்றது. அக்கா பலகையை எடுத்துத் துடைத்தார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சப்பாத்தியும் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாருக்கு. உக்காருங்க, சூடா ரெண்டு போடறேன்."

எல்லாரும் காத்திருந்தோம். அக்காவின் வாயிலிருந்து அந்த "அண்ணே" வரவில்லை. பிரஸ் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே ஒரு லோரிக்காரர் சந்தோஷத்தில் ஹார்ன் அடித்தார்.

இப்போது கல்யாணமாகி சாலாக் செலாத்தானில் இருக்கும் அவர்கள் வீட்டில் அதே பலகைதான். ஞாயிற்றுக்கிழமை போனால் பிரஸ் அண்ணன் அதைக் கையில் கொடுத்து, சூடு எவ்வளவு, அமுக்கம் எவ்வளவு என்று ஆரம்பத்திலிருந்து அறுப்பார். போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குச் சோறே இறங்குவதில்லை.