பின்கட்டு அறையில் பிள்ளையார்

திருத்தணி யாருக்கு என்று இரண்டு சர்க்கார்களும் இழுத்துக்கொண்டிருந்த வருஷம். புத்தூரில் எங்கள் வீட்டிலும் ஓர் எல்லைத் தகராறு: பின்கட்டு அறை யாருக்கு? ஸ்கூல் டிராயிங் மாஸ்டரான எனக்குப் படம் போட, சுருட்டுப் பிடிக்க, நிம்மதியாகத் தூங்க அது வேண்டும். என் மனைவி தாட்சாயணிக்குப் புளி மூட்டை அடுக்க வேண்டும். விடுவதில்லை என்று சபதம் செய்தேன்.

வழியும் கிடைத்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தேய்த்துத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் கீறல் எல்லாம் படமாக விழுமாம். பத்திரிகையில் படித்தேன். முதல் படமே பிள்ளையார்! சாமி இருக்கிற இடத்தில் எவள் மூட்டை இறக்குவாள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"என் தவலை மூடிய இன்னாத்துக்கு சொரண்டிக்கினு கீறீங்க?"

"புள்ளையார் படம்டி. பின்கட்டு ரூம்ல மாட்டப்போறேன்."

"புள்ளையாரா? அப்ப நல்லா சொரண்டுங்க."

இவ்வளவு சுலபமாக விட்டாளே என்று அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அழுத்த மெஷின் ஏது? பக்கத்து வீட்டு ஏகாம்பரத்தின் கரும்பு ஆலைதான். தகட்டையும் காகிதத்தையும் கம்பளித் துண்டில் சுற்றி, இரும்பு உருளைகளுக்கு நடுவே கொடுத்தோம். மாடு சுற்றியது.

"மாஸ்டரே, சாறு வருதா பாருங்க!" என்றார் ஏகாம்பரம்.

படம் வந்தது! தொந்தி, மோதகம், மூஞ்சூறு, எல்லாம் மெத்தென்ற கறுப்புக் கோடுகளில். குதித்தேன். ஏகாம்பரத்தைக் கட்டிக்கொண்டேன். மாட்டையும்தான்.

அறையில் மாட்டினேன். தாட்சாயணி பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தும்பிக்கை வலப்பக்கம்! வலம்புரிங்க!"

"நான் இடப்பக்கம்தானே போட்டேன்?" தகட்டில் கீறியது காகிதத்தில் திரும்பி விழும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"சாமியே திரும்பிக்கினார். வலம்புரின்னா ரொம்ப ஆசாரம். இனிமே இங்க சுருட்டு ஆவாது. மை நாத்தம் ஆவாது. படுக்கவே கூடாது. விடிகாலைல தலைக்கு ஊத்திக்கினு தெனம் பூசை."

"யாரு பண்றது?"

"கூட்டியாந்தவருதான்."

போகட்டும், புளியும் தோற்றதே என்று தேற்றிக்கொண்டேன். மறுநாள் ஈர வேட்டியோடு அறைக்குள் போனால், உத்தரம் வரைக்கும் மூட்டை!

"சாமி ரூம்ல புளியா?"

"ஏன், புளி சைவந்தானே? சாமிக்கு புளியோதரை வாணாமா?"

இப்போது அந்த அறையில் எனக்கென்று இருப்பது, நின்று மணியாட்ட ஒரு முழ இடம்.