வெளிச்சம் திருடும் ஜோசியர்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆகஸ்ட் 1996.

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அக்காள் மகன் சிரஞ்சீவி ஐயாதுரைக்கு, தாய்மாமன் கண்ணுச்சாமி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அத்தையும் சுகம். கடைதான் சுகமில்லை.

உன் பேச்சையும் நீ எழுதிக் கொடுத்த ஜாதகப் புரோகிராமையும் நம்பி வக்கீல் குமாஸ்தா வேலையை உதறிவிட்டுக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டவன் நான். கடை படுத்தால் எந்த முகத்தோடு மறுபடி வக்கீல் வீட்டுப் படியேறுவது? எதிரே இருக்கிற தனுஷ்கோடி ஜோசியரால் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. வத்திராயிருப்புக் கருத்தம்மா தன் மகளின் ஜாதகத்தோடு வந்தாள். திரையில் பலன் வந்து, பிரிண்டர் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் போய்விட்டு வந்தாள். "தெற்கிலிருந்து வரன், மாமியாருக்கு முட்டுவலி" என்று நான் வாசித்ததுதான் தாமதம், எழுந்துவிட்டாள். "இதத்தான எதுத்தாப்புல அவிய வெத்தல பாக்குக்கே சொல்லிட்டாவ! முட்டுவலி மொதக்கொண்டு சொன்னாவளே!" என்று காகிதத்தைத் தொடாமலே போய்விட்டாள்.

உன்னிடம் போனில் புலம்பினேன். திரையின் வெளிச்சம் சுவரில் விழுந்து மினுக்குவதைத் தூரத்திலிருந்து பிடித்தே உள்ளே இருக்கும் எழுத்தைப் படித்துவிடுகிற கில்லாடிகள் வெளிநாட்டில் உண்டு என்றாய். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தேன். கண்ணாடியில் எழுத்து தெரியுமென்று ஆண்டாள் படத்தைக் கழற்றினேன்; உன் அத்தை இரண்டு வேளை சோறு போடவில்லை. கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன், காற்றும் நின்றுபோனது. உள்ளே வந்த மிலிட்டரி பால்ச்சாமி இதைப் போட்டோ ஸ்டுடியோ என்று நினைத்து, மீசையை முறுக்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் அவர் எதிர்ப்பக்கம் போனால், அதே பலனை வரி பிசகாமல் சொன்னாராம் ஜோசியர்! இத்தனைக்கும் அந்த மனுஷர் நம் பக்கமே திரும்பாமல் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார். அந்த நடிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே வெளிச்சம் வெளியே போகாத கண்ணாடி ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து மாட்டு. அக்காளை விசாரித்ததாகச் சொல். உன் கடையும் உன் மூளையும் மேன்மேலும் பெருக ஆண்டாள் அருளட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் கண்ணுச்சாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனவன், பொறுக்கமாட்டாமல் ஜோசியரிடமே சண்டைக்குப் போனேன். "ஏலே கண்ணுச்சாமி, கண்ணுல பொரை விழுந்து எனக்கு பஸ் போர்டே தெரியல. ஒம் பொட்டிய எங்க பாக்க? போன வருசம் ஒம் மருமகன் டேப் ரிக்கார்டரோட வந்து, எங்கூடவே இருந்து எந்தக் கட்டத்துக்கு என்ன பலன்னு அம்புட்டையும் புடிச்சிட்டுல்லா போனான். பொட்டிக்குள்ள பேசுறதே நாந்தாம்லே" என்றார். கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டேன். மேலே உள்ள ஆசீர்வாதத்தில் உன் பங்கைத் திருப்பி அனுப்பு. நாளைக் காலை மறுபடி வக்கீல் வீட்டுப் படியேறுகிறேன். வெறுங்கையோடு இல்லை, உன்மேல் கேஸ் போட, ஜோசியரையே கட்சிக்காரராகக் கூட்டிப்போகிறேன்.