பதினேழு பேர் கொண்ட என் வட்டாரம்

நியாயம் கேட்டுக் கை உயர்த்துபவர்களில் பாதிப்பேர் உண்மையில் கேட்பது ஒரு பதவிக் கதிரை. 2012இல் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பாரிஸ் கிளைக் கூட்டத்தில் நான் கை உயர்த்தியதும் அதற்காகத்தான். (திகதி, நேரம், அன்றைய குளிர் எல்லாம் என் குறிப்பேட்டில் உண்டு. வாசகர்மேல் இரங்கி விட்டுவிடுகிறேன்.)

சங்க நிர்வாகத்தில் ஏழு பேர். அங்கத்தவர் எல்லோரும் சேர்ந்து ஏழு பேரையும் தெரிவுசெய்வோம். ஒவ்வொரு முறையும் வெல்பவர்கள் லூயி-பிளாங் தெருவின் தமிழ்க் கடைக்காரர்கள். சாமான் வாங்கப் போகிற எல்லோருக்கும் அவர்களைத்தான் தெரியும். மார்க்ஸ் டோர்மோயில் குடியிருந்த எனக்கு ஒரே ஆசை, செயலாளராகிக் கூட்டக் குறிப்பு எழுதவேண்டும். அப்போதைய செயலாளர் ஒரு முழு ஆண்டுக் கூட்டத்தையும் "கூட்டம் நடந்தது. வடை நல்லம்" என்று பதிந்திருந்தார். வரலாற்றுக்கு இப்படியொரு துரோகமா! மூன்று முறை போட்டியிட்டேன். மூன்று முறையும் தோற்றேன்.

ஆகவே வட்டாரமுறையை முன்மொழிந்தேன். ஏழு வட்டாரம், வட்டாரத்துக்கு ஒருவர், அந்தந்த வட்டாரத்தார் மட்டுமே வாக்களிப்பது. கடைக்காரர்கள் ஒரே வட்டாரத்துக்குள் அடைபட்டு ஆளையாள் கடித்துக்கொள்ளட்டும் என்பது வெளியில் சொல்லாத காரணம். என் உரை முப்பத்தெட்டு நிமிடம். முடிந்தால் போதும் என்று எல்லோரும் ஆதரித்தார்கள்.

எல்லை வகுக்கும் வேலையும் என் தலையில். மெத்ரோ வரைபடம், நிறப்பென்சில்கள், அங்கத்தவர் பதிவேடு என்று மூன்று வாரம் குந்தியிருந்தேன். நூற்றுப் பத்தொன்பது அங்கத்தவர். ஏழால் வகுத்தால் மீதியில்லாமல் பதினேழு! எனக்கு மெய்சிலிர்த்தது.

என் வட்டாரம் ஒரேயொரு தபால்பெட்டிக்குள் முடிந்துவிட்டது. புதிதாக வந்து நிரந்தர முகவரி இல்லாதவர்கள், அலுவலகக் கடிதங்களுக்குத் தெரிந்தவர் முகவரியைக் கொடுப்பது எங்களிடையே வழக்கம். என் பெட்டியில் அப்படிப் பதினைந்து பெயர் ஒட்டியிருந்தது. சங்கப் பதிவேட்டிலும் அவர்களுக்கு அதே முகவரி.

மனைவி வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"எங்கடை வீட்டிலை பதினேழு பேரோ?"

"பதிவேட்டிலை."

"அவையள் உங்களுக்குப் போடுவினமோ?"

"என்ன கதை கதைக்கிறீர்? அவையின்ரை கடிதமெல்லாம் ஆர் எடுத்துக் குடுக்கிறது?"

அந்தப் பதினைந்து பேரில் ஒருவன் குகன். உண்மையில் பாரிஸுக்கு வெளியே லா கூர்நேவில் இருந்தான். உணவகச் சமையல்காரன், மற்றப் பதினாலு பேருக்கும் சமையலறைகளில் வேலை எடுத்துக் கொடுத்தவன். தேர்தலுக்கு முன் வந்து, "அண்ணை, நானும் கேட்டுப் பாக்கட்டே?" என்றான்.

"தாராளமாய்க் கேளும்!" என்றேன். (ஜனநாயகத்துக்குத் தோற்கவும் ஒரு ஆள் வேண்டுமே.)

வாக்கு எண்ணி முடிந்ததும் தலைவர் எழுந்து வாசித்தார்.

"குகன், பதினாறு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தம்பிக்கு... ஒண்டு."

அந்த ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். மெல்ல மனைவி பக்கம் திரும்பினேன்.

"நீருமோ?"

"அவன் வீட்டை வந்து கேட்டவன். நீங்கள் என்னட்டைக் கேக்கவேயில்லையே?"

உண்மைதான். ஒருவரிடமும் கேட்கவில்லை. மூன்று வாரமும் நிறம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

தலைவர் வந்து தோளில் கைபோட்டார். "கவலைப்படாதையும் தம்பி. உம்மடை வேலை எல்லாருக்கும் நல்லாப் பிடிச்சிட்டுது. எல்லாரும் எல்லாருக்கும் போடுற பழைய முறை எண்டால், இந்தமுறை நீர்தான் முதலாவதாய் வந்திருப்பீர்."

இதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம்.

தெரிவான ஏழு பேரும் கூடிக் குகனைச் செயலாளராக்கினார்கள். அவன் குறிப்புகள் நன்றாக இருக்கின்றன என்பதை இன்றுவரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வட்டாரமுறை மட்டும் அசையாமல் நிற்கிறது. நான் போட்ட ஒரு கோட்டைக்கூட யாரும் மாற்றவில்லை.

வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும், கேக் வெட்டும் நேரத்தில் மனைவி மகளை எச்சரிப்பாள்:

"கத்தியை அப்பாட்டைக் குடுத்திடாதை பிள்ளை. அவர் எல்லாருக்கும் சமனாய்த்தான் வெட்டுவார். கடைசியிலை அவருக்குத்தான் துண்டு இராது."