அம்மாவுக்கு வேலை வாங்கித் தந்தவள்

குடும்பத்தைப் பிரிந்து இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை வைக்க மனம் வராது. எனக்கு அது பழக்கம் என்ற நிலையைத் தாண்டி வியாதியாகவே ஆகியிருந்தது.

அப்போது நான் சிங்கப்பூரில், பொங்கோல் பகுதியில், சாரதா அக்கா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் இன்ஜினியர். கணவர் செந்தில் கரூரில் பள்ளி ஆசிரியர். மகள் யாழினி மூன்றாம் வகுப்பு. ஆபீஸிலிருந்து வந்ததும் வீடியோ கால் போட்டுப் போனை மேசைமேல் சாய்த்து வைத்துவிடுவேன். பிறகு யாரும் யாருடனும் பேசமாட்டோம். அங்கே அவர் பேப்பர் திருத்துவார், அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள், இங்கே நான் துணி மடிப்பேன். (சாரதா அக்கா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, சிசிடிவி மாதிரி இருக்கு லா” என்றார்.)

என் சம்பளத்துக்கு அவர்களை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்காது. சீனியர் இன்ஜினியர் சம்பளம் என்றால் கிடைக்கும். அப்படி ஒரு வேலைக்கு மனுப் போட்டு, ஆரம்பச் சுற்றுகளையெல்லாம் தட்டுத்தடுமாறித் தாண்டி, கடைசி நேர்காணலுக்கு வந்திருந்தேன். அதுவும் வீடியோவில்தான்.

அன்று மாலையும் வழக்கம்போல வீடு போனில் ஓடிக்கொண்டிருந்தது. “சரிங்க, வச்சிடறேன். வேண்டிக்கங்க” என்று சொல்லி, சிவப்புப் பொத்தானை அழுத்துவதாக நினைத்துக் கேமராவை மட்டும் அணைத்தேன். போனைக் கவிழ்த்துப்போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் கம்பீரமாக உட்கார்ந்தேன். செந்தில் இதை வேறு மாதிரி புரிந்துகொண்டாராம். “அம்மாவுக்குப் பயம். அதான் நம்மளையும் கூடவே வச்சிருக்கா. சத்தம் போடக் கூடாது” என்று யாழினியையும் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்துவிட்டார்.

கேள்வி கேட்டவர்கள் இருவர். மிஸ் லிம் அந்தப் பிரிவின் தலைவி. ராஜ் என்பவர் மூத்த பொறியாளர். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டதும், ஆள் மும்பைப் பக்கம் என்று நானே முடிவு கட்டினேன். லட்சம் பேர் ஒரே நேரத்தில் ‘பஸ் எப்போ வரும்’ என்று கேட்டால் திணறாமல் பதில் சொல்லும் ஒரு செயலியை எப்படிக் கட்டுவீர்கள் என்றார்கள். படம் போட்டு விளக்கினேன். மிஸ் லிம் தலையாட்டினார். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

“இளம் பொறியாளர்களிடம் நீங்கள் அதிகம் பார்க்கும் தவறு எது?” என்று கேட்டார் ராஜ்.

“ஓர் இணைப்பைத் திறந்தால் மூடுவதில்லை” என்றேன் கம்பீரம் குறையாமல். “மூடிவிட்டோம் என்று நினைத்தால் போதாது, உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் எப்போதும் பார்ப்பேன்.”

அந்த நொடியில் குக்கர் விசில் அடித்தது.

மிஸ் லிம் திடுக்கிட்டு, தீயணைப்பு அலாரமா, கீழே இறங்கிப் போக வேண்டுமா என்று கேட்டார். சாரதா அக்காவின் அடுப்படி என்று நினைத்த நான், பக்கத்து வீடு என்று சமாளித்தேன். (பக்கத்து வீடு கரூரில் இருந்தது என்பது அப்போது தெரியாது.)

அடுத்த கேள்வி, இந்த வேலை உங்களுக்கு ஏன் வேண்டும்? மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். புதிய சேலஞ்ச் வேண்டும், என் திறமைக்குப் பெரிய களம் வேண்டும், இத்யாதி.

“அப்பா, சேலஞ்ச்னா என்ன?” என்றது மேசை.

“சவால். ஷ்ஷ்.”

“அதுக்கா? நம்மளக் கூட்டிட்டுப் போகத்தானே இந்த வேலைன்னு அம்மா சொன்னா?”

போனை நான் அணைக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குழந்தை என்ன சொல்கிறாள் என்று மிஸ் லிம் அன்பாகக் கேட்டார். “என் மகள். பசிக்கிறதாம்” என்றேன்.

ராஜ் தொண்டையைச் செருமினார். “பாப்பா அப்படிச் சொல்லலையே” என்றார், அழகான தமிழில். “நான் இங்கயே, செம்பவாங்ல பொறந்து வளர்ந்தவனுங்க.” பிறகு மிஸ் லிம்முக்கு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்காட்டினார்.

போனைப் பிடுங்கி அணைத்திருக்கலாம். கை வரவில்லை. அதற்குள் செந்தில் தன் கடமையைச் செய்யத் தொடங்கிவிட்டார். “குட் ஈவினிங் சார். ஐ ஆம் ஹஸ்பண்ட். ஷி இஸ் வெரி ஹார்ட் ஒர்க்கிங் சார். காலேஜ்ல கோல்டு மெடல் ஜஸ்ட் மிஸ் சார்.”

மிஸ் லிம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ராஜ் சிரிக்கவில்லை. “எவ்ளோ நாளா இப்படி இருக்கீங்க?” என்றார்.

“இவ ஸ்கூல் சேர்ந்த வருஷம் வந்தேங்க” என்றேன். நேர்காணலில் நான் சொன்ன ஒரே உண்மையான பதில் அது. அதைத் தமிழில் சொல்லியிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் மரியாதையான மின்னஞ்சல் வந்தது. வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கப் பிடிக்காமல் சிராங்கூன் ரோட்டுக்குப் போனேன். பக்கத்துத் திடலில் எங்கள் ஊர்க்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு போன், போனுக்குள் ஆளுக்கொரு வீடு. ஒருவர் எதுவும் பேசாமல், தூங்கும் குழந்தை ஒன்றைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் ஓர் ஓரமாகப் புல்லில் உட்கார்ந்து வீட்டுக்குப் போட்டேன். செந்திலிடம் காலையிலேயே சொல்லியிருந்ததால் அவர் முகம் தொங்கியிருந்தது. யாழினி திரை முழுக்க வந்து நின்றாள்.

“வேலை கிடைக்கலையா? நான் பேசுனதாலயாம்மா?”

“யார் சொன்னா? கிடைச்சிருச்சு” என்றேன். “நீ பேசுனது அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உங்களக் கூட்டிட்டு வரத்தான் கொஞ்ச நாள் ஆகும்.”

கொஞ்ச நாள் ஒன்றரை வருடம் ஆனது. வேறொரு கம்பெனியில், ஒரு சத்தமும் இல்லாத ஒரு நேர்காணலில், சீனியர் இன்ஜினியர் வேலை கிடைத்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, நினைவு வைத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

யாழினி இப்போது இங்கேயே உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதைதான். “நான் மட்டும் அன்னிக்குப் பேசலன்னா அம்மாக்கு ஜாப்பே கிடைச்சிருக்காது லா” என்று முடிப்பாள். செந்தில் என்னைப் பார்ப்பார். நான் காப்பி கலக்கப் போய்விடுவேன்.

அவள் தமிழ்ப் புத்தகங்களை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். என்றைக்காவது ஒரு நாள் எடுத்துப் படித்துவிட மாட்டாளா என்றும் இருக்கிறது.