தலைமைக் குழுவின் ஒரே உறுப்பினர்

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தை முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை வீட்டு டிவியில் பார்த்தே தீருவது என்று நிர்வாகி கங்கணம் கட்டிக்கொண்டார்.

நிர்வாகி என்றால் அலுவலகத்தில். அங்கே அத்தனை கம்ப்யூட்டருக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டிலோ ரிமோட் அவர் கைக்கு வந்து மாமாங்கம் ஆகிறது. மனைவியின் சீரியலுக்கும் மகளின் கார்ட்டூனுக்கும் நடுவே விளம்பரம் வேண்டுமானால் அவர் பார்க்கலாம்.

சனிக்கிழமை காலை லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தார். வீட்டு நெட்வொர்க்கில் மூன்று குழுக்கள் போட்டார்; இனி டிவியைத் திறக்க அவரவர் பெயரில்தான் நுழைய வேண்டும். 'தலைமை'யில் அவர் மட்டும், சகலமும் உண்டு. 'வீட்டார்' குழுவில் மனைவியும் மகளும். ஞாயிறன்று டிவி கிடையாது, செட்டிங்ஸைத் தொடவும் முடியாது. 'விருந்தினர்' குழு காலி. வருகிறவர்களைத் தடுப்பது மரியாதையில்லை என்று அதற்கு மட்டும் தடையே வைக்கவில்லை.

மனைவி சண்டைக்கு வரவில்லை. அதுவே அவருக்கு உதைத்திருக்க வேண்டும்.

"நாளைக்கு நான் அம்மா வீட்டுக்குப் போறேங்க. போயிட்டு வர்றவளை விருந்தினர்ல போட்டா என்ன?"

ஞாயிறன்று மனைவி ஊரில் இல்லை! அவருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மாற்றினார்.

"அப்படியே உங்க பேரையும் வீட்டார்ல சேருங்க. அப்பாவுக்கு மட்டும் சட்டம் இல்லையான்னு பொண்ணு மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கா."

"நான் தலைமையாச்சே!"

"தலைமையிலயும் இருங்க. சும்மா பேருக்குத்தானே? தலைமையில இருக்கிற உங்களை யாரு தடுக்க முடியும்?"

யார் தடுக்க முடியும்? அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சேர்த்தார்.

ஞாயிறு மாலை. கடைவீதிக்குப் போய்த் திரும்பியவர் சோபாவில் சாய்ந்து, தம் பெயரில் டிவிக்குள் நுழைந்தார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை. பதறிப்போய் லேப்டாப்பைத் திறந்தார். செட்டிங்ஸுக்கும் அனுமதி இல்லை. உள்ளே ஆட்டம் தொடங்கிவிட்டது. வெளியே அவருக்கு வியர்த்தது.

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள்.

"நீ ஊருக்குப் போகலையா?"

"அம்மாதான் அடுத்த வாரம் வர்றேன்னாங்க. என்னாச்சு?"

"நான் தலைமைடி! என்னையே உள்ள விட மாட்டேங்குது!"

"வீட்டார்லயும் இருக்கீங்களே. தினம் சாப்பிடுறப்ப ஆபீஸ் பசங்ககிட்ட போன்ல கத்துவீங்க, 'ஒருத்தன் ரெண்டு குழுவுல இருந்தா தடைதான்டா ஜெயிக்கும், எத்தனை தடவை சொல்றது'ன்னு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

தாம் போட்ட சட்டத்தில் தாமே மாட்டிக்கொண்டதைவிட, அதை இவள் சாம்பார் ஊற்றிக்கொண்டே கற்றிருக்கிறாள் என்பதுதான் நிர்வாகிக்குத் தாங்கவில்லை. மனைவி தன் பெயரில் நுழைந்தாள். டிவி வாய் பேசாமல் திறந்தது. சீரியல் ஞாயிறு சிறப்பு, மூன்று மணி நேரம். மகளை மடியில் இழுத்துக்கொண்டு, சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"என்னங்க, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கு. ஒரு காபி போட்டுக் கொண்டாங்க."