வேளச்சேரி போக எவ்வளவு நேரமாகும்?

"அண்ணா, எத்தினி எலை? காய் வாங்கணும், சொல்லு" என்று சமையல்காரர் ஜெயவேலு மறுபடியும் கேட்டபோது, பொன்னுசாமி கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நேத்து எண்பது. இன்னிக்குக் காலைல நாலாயிரம்."

"நாலாயிரமா! அது கட்சி மாநாடுண்ணா. என்னாண்ட அவ்ளோ அண்டா கெடையாது."

நிலத்தை மனைகளாக விற்றுவிட்டு, நாலு வீட்டு வாடகையும் ஏகப்பட்ட பொழுதும் கையிலிருந்த பொன்னுசாமி, ஒரு வருடமாக 'ஏரிக்கரை மடல்' என்று சனிக்கிழமைதோறும் ஈமெயிலில் ஒரு பத்திரிகை அனுப்பிவந்தார். தண்ணீர் லாரி வரும் நாள், மின்தடை, காணாமல்போன பூனை என்று சென்னைப் புறநகர் ராஜகீழ்ப்பாக்கத்தின் உலகச் செய்திகள் எல்லாம் அதில் இருக்கும். வலைப்பக்கத்தில் பெயரையும் ஈமெயிலையும் பதிந்தால் போதும், யாருக்கும் வந்துவிடும்.

முதலாண்டு விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வாசகர்கள் அனைவருக்கும் விருந்து என்று அறிவித்தார். மறுநாளே பட்டியல் ஏரிக்கரை உடைத்துக்கொண்டதுபோலப் பெருகிவிட்டது. பாதிப் பெயர்களை வாய்விட்டுப் படித்தால் தும்மல் மாதிரி இருந்தது. 'கேத்தரின் உடனடிக் கடன்' என்ற பெண்மணி மட்டும் நூறு முறை சேர்ந்திருந்தார்.

"எல்லாம் ரோபோ மாமா, ஸ்பாம்" என்றான் மனைவியின் தம்பி ஹரிபிரசாத். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை. "ஒங்க மடலை மனுஷங்க யாரும் படிக்கல. ஞாயித்துக்கிழமை காலி ஹால்ல நீங்களும் அக்காவும்தான் சாப்பிடப் போறீங்க."

"அம்பது பேர் வந்துட்டா?"

"நானே எச்ச எலை எடுக்கறேன்."

மாமனார் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் நடந்த பேச்சு. இனி இது மானப் பிரச்சினை.

முதலில், உண்மையான ஆள்தானா என்று உறுதிசெய்ய எல்லோருக்கும் ஒரு லிங்க் அனுப்பினார். ரோபோக்கள் கண்ணிமைப்பதற்குள் அழுத்திவிட்டன. மனிதர் ஒருவரும் தொடவில்லை. 'லிங்க்கைத் தொட்டால் வங்கிக் கணக்கு காலி' என்று போன வாரம்தான் தலையங்கம் எழுதியிருந்தார். எழுதியதை வாசகர்கள் அப்படியே கடைப்பிடித்தது அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, தலைவலியாகவும் இருந்தது.

"ரோபோவுக்கு ஏது நட்சத்திரம்?" என்று அடுத்து யோசித்தார். பெயருக்குக் கீழே பிறந்த நட்சத்திரத்தையும் கேட்டார். ரோபோக்கள் மொத்தமும் வரிசையில் முதலாவதாக இருந்த அஸ்வினியில் பிறந்திருந்தன. அஸ்வினியையே ஒட்டுமொத்தமாக நீக்கினார்.

"ஏங்க, தாலி கட்டின பொண்டாட்டியையே லிஸ்ட்லேர்ந்து தூக்கிட்டீங்களே!" என்றாள் தீபலட்சுமி. "நானும் அஸ்வினிதான்."

மடலின் வாசகி அருள்மேரி டீச்சர் போன் செய்தார். "பொன்னுசாமி சார், எங்க வீட்டு நட்சத்திரம் டிசம்பர்ல மாடியில தொங்கும். அதைப் போட்டா ஒத்துக்குமா?"

இதற்குள் ரோபோக்கள் பரணிக்குக் குடிபோயிருந்தன. கேத்தரின் மட்டும் சளைக்காமல் ரேவதி வரை பிறந்தார்.

வெள்ளிக்கிழமை ஜெயவேலு ரொம்பத் தாமதமாக வந்தார்.

"வேளச்சேரிலேர்ந்து வர எவ்ளோ நேரம்யா ஆகும்?"

"அத ஏன்ணா கேக்கற! சிக்னல்ல நின்னுகினே கீறேன், மீசைல பாதி நரச்சிப்போச்சி."

பொன்னுசாமி மேசையைத் தட்டி எழுந்தார்.

அன்றே நாலாயிரம் பேருக்கும் ஒரே கேள்வி போயிற்று: 'ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி போக எவ்வளவு நேரமாகும்?' ரோபோக்கள் பளிச்சென்று '32 நிமிடம்' என்றன. மனிதர்களோ, 'எந்த வருஷம்?', 'போய்ச் சேர்ந்தா போன் பண்றேன்' என்று எழுதினார்கள். 'ஜெபம் பண்ணிட்டுத்தான் கிளம்புவோம்' என்றார் அருள்மேரி டீச்சர். லிங்க்கைத் தொடப் பயந்த ஊர் புலம்பப் பயப்படவில்லை. பதிலில் எண் இருந்தால் ரோபோ, புலம்பல் இருந்தால் மனிதர். கேத்தரின் உட்பட எல்லாப் போலிகளும் ஒரே ராத்திரியில் ஒழிந்தார்கள்.

"அறுபது எலை போடு, ஜெயவேலு!"

போலிகள் நேரிலும் வந்துவிட்டால் என்ன செய்வது? ஞாயிறன்று மண்டப வாசலில் போர்டே வைக்கவில்லை பொன்னுசாமி. கீழ்த்தளத்தில் யாருடையதோ கல்யாண ரிசப்ஷன். மாடி ஹாலில் மடல் விழா. படியின் உச்சியில் அவரே காவல் நின்றார்.

வெகுநேரம் ஈ காக்கை இல்லை. ஹரிபிரசாத் காலி நாற்காலிகளைப் பார்த்து விசிலடித்தான். பிறகு திமுதிமுவென்று ஒரு கூட்டம் ஏறி வந்தது.

"நில்லுங்க! வேளச்சேரிக்கு எவ்ளோ நேரமாகும்?"

"அந்தக் கொடுமைய கேக்காதீங்க சார்! ஒக்காந்து ஒக்காந்து காலே வீங்கிப்போச்சு!"

"வாங்க வாங்க, பந்தி தயார்!"

அறுபது இலையும் நிறைந்தன. அருள்மேரி டீச்சரை மட்டும் காணவில்லை, ஜெபம் நீண்டிருக்கும். சாப்பிட்டவர்கள் வரிசையில் வந்து பரிசு கொடுத்தார்கள். சுவர்க்கடிகாரங்கள், ஒரு குக்கர். ஆசிரியருக்குக் குக்கர் கொடுக்கும் வாசகர்கள் வேறு எந்த ஊரில் உண்டு? கண்ணில் புரை விழுந்த ஓர் அம்மாள் பொன்னுசாமி, தீபலட்சுமி இருவர் தலையிலும் கைவைத்து, "சீக்கிரம் நல்ல சேதி சொல்லுங்க" என்றார்.

"சனிக்கிழமை மடல்லயே சொல்லிடறேம்மா" என்று பொன்னுசாமி கண்கலங்கினார்.

பேண்டை மடித்துக்கொண்டு எச்சில் இலை எடுத்த ஹரிபிரசாத், "ஒத்துக்கறேன் மாமா. அத்தனையும் அசல் மனுஷங்க" என்றான். பொன்னுசாமி மைக்கைப் பிடித்தார். "போலிகளை ஒழித்தோம்!" என்று அவர் முழங்க, கூட்டம் ஏப்பத்தோடு கைதட்டியது.

அப்போது மண்டபத்து வாட்ச்மேன் சவுரிமுத்து மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"சார், வேளச்சேரிலேர்ந்து மூணு வேன்ல வந்த மாப்ள வூட்டுக்காரங்கள கீழ அனுப்புங்க, பொண்ணோட அப்பான்னு நெனச்சி ஒங்களாண்ட குடுத்த அந்தக் குக்கரையும் குடுங்க. அங்க ஒங்க ஆளுங்க அறுவது பேரு பந்தில குந்திகினு, 'கேள்வி கேக்காமயே சோறு போடறீங்களே, இது போலி விருந்து'ன்னு ஒரு டீச்சரம்மா தலைமைல சண்ட போட்டுகினு கீறாங்க!"